ஷாகிரின் பெயருக்கு ஒரு சாட்சி

காமா ஆற்றங்கரை,
மார்ச், 1965

மதிப்பிற்குரிய தோழர் கேப்டன் மக்கார் இலியிச் அவர்களுக்கு,

போர்முனையில் உங்கள் கம்பெனியில் மருத்துவ உதவியாளராக இருந்த தைசியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடுங்குளிரில்தான் பிறக்கத் தோன்றுகிறது. உங்கள் கால் எப்படி இருக்கிறது? குளிருக்கு வலிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வலிக்கட்டும். வெட்டிய கால் வலிக்காது, உங்களுக்கு அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பதில் வந்தது. நாலே வரி. "அன்று எனக்கு நினைவு தப்பிவிட்டது, ஷாகிருக்கு என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை, பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் என் உடல்நலத்தை வேறு விசாரித்திருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். போட்ட பிறகு உங்கள் புது விலாசம் அதில்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்து, கையைச் சுட்டுக்கொண்டு எடுத்தேன்.

நான் கேட்பது எனக்காக இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன். எனக்கு மெடல் இருக்கிறது. ஷாகிருக்கு ஒன்றும் இல்லை. காயம்பட்டவர்களை என்னோடு சேர்ந்து இழுத்துவந்த அந்த மனிதர் பெயருக்கு நேரே ராணுவத் தாளில் "காணாமல் போனார்" என்று எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் மனைவி மர்ஸியா ஆற்றுக்குக் கீழே துபியாக் கிராமத்தில் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறாள். மே மாத வெற்றித் திருநாளுக்கு அந்த ஊரில் ஒரு கல் நடுகிறார்கள். போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரையெல்லாம் அதில் செதுக்குகிறார்கள். ஷாகிர் பெயரைச் செதுக்க மாட்டார்களாம்.

ஊர்த் தலைவர் கடை வரிசையில் எல்லோரும் கேட்க அவளிடம் சொல்லியிருக்கிறார்: "செத்தவன் பேரைத்தாம்மா கல்லுல போட முடியும். காணாமப் போனவன் எங்க போனான்னு யாருக்குத் தெரியும்? இந்நேரம் ஏதாவது ஜெர்மன்காரி வீட்டுல உக்காந்து சூப் குடிச்சிக்கிட்டு இருப்பான்."

மர்ஸியா சும்மா விடவில்லை. "சூப்புல உப்பு கொஞ்சம் கொறைஞ்சாலே கிண்ணத்தத் தள்ளிட்டு எழுந்து போற ஆளு அவரு. அந்த ஜெர்மன்காரி எப்படித்தான் சமாளிக்கிறாளோ, பாவம்" என்றாளாம். வரிசையே சிரித்திருக்கிறது. அங்கிருந்து நேராக என்னிடம் வந்து, ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிரசவ வலியில் கத்துகிறவர்களை எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியும். சத்தமில்லாமல் அழுகிறவளை என்ன செய்வது?

ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். அங்கே மீசை கூடச் சரியாக முளைக்காத ஒரு லெப்டினன்ட். "நீங்க போர்முனையில என்னக்கா பண்ணீங்க, கஞ்சி காச்சினீங்களா?" என்றான். "ஆமாம் தம்பி, உன்னை மாதிரி ஆளுங்களோட மண்டை ஓட்டுல காச்சினேன்" என்றேன். அதற்கப்புறம் உட்கார நாற்காலி கொடுத்தான். ஆனாலும் கூட வேலை பார்த்தவளின் சாட்சி போதாதாம், அன்று அங்கே இருந்த ஒரு அதிகாரியின் சாட்சி வேண்டுமாம். அன்று அங்கே இருந்த அதிகாரிகளில் இன்று உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

நினைவு தப்பியது என்கிறீர்களே, சரி, நான் நினைவுபடுத்துகிறேன்.

செங்கல் தொழிற்சாலைக்கு முன்னால் இருந்த பீட்ரூட் வயல். மாடி ஜன்னலில் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கி. நீங்கள் விசிலை ஊதி எழுந்தீர்கள், கம்பெனி உங்கள் பின்னால் எழுந்தது, பாதி வயலைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். நானும் ஷாகிரும் வயிற்றால் ஊர்ந்து போனோம். பிடுங்கிப் போட்ட பீட்ரூட்டுகளும் தலைகளும் ஒரே சேற்றில் கிடந்தன. தொட்டுப் பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொண்டேன். லுக்கியானுக்குக் கீழ்த்தாடையே இல்லை. நாக்கு தொண்டைக்குள் போய் அடைக்கிறது என்று அதை வெளியே இழுத்து, ஊக்கால் சட்டைக் காலரோடு குத்திவைத்தேன். அவன் கண்ணால் எனக்கு நன்றி சொன்னான், மக்கார் இலியிச். இன்றைக்கும் நான் ஊக்கைக் கையில் எடுப்பதில்லை.

ஷாகிர் போருக்கு முன்னால் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். ஆளைக் கூடாரத் துணியில் உருட்டிப் போட்டு, முனையைத் தோளில் சுற்றிக்கொண்டு ஊர்ந்தே இழுப்பார். குடல் வெளியே வந்த ஒருவன், அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினான். ஷாகிர் அவனிடம், "உருளைக்கிழங்கு மூட்டைகூட உன்னவிட ஒழுங்கா வருமேடா. இழுக்கிறவன் நானு, கத்துறவன் நீயா? பிடிச்சுக்க, கீழ விட்டுறாத, அப்புறம் உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். அவன் அழுகைக்கு நடுவில் சிரித்தான். காயம்பட்டவர்களைச் சேர்க்கிற பள்ளத்துக்கு வந்து துணியை விரித்தபோது செத்திருந்தான். ஷாகிர் அவன் துப்பாக்கியை எடுத்து வரிசையில் வைத்துவிட்டு மறுபடியும் வயலுக்குள் போனார்.

துப்பாக்கி. அந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? காயம்பட்டவனை அவன் ஆயுதத்தோடு கொண்டுவந்தால்தான் எங்களுக்குக் கணக்கு. வெறும் ஆளை இழுத்துவந்தால் அவன் மனிதனே இல்லை. கையில்லாதவனுக்கும் துப்பாக்கி இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஆளோடு சேர்த்து அந்த இரும்பையும் இழுத்தோம்.

உங்களைக் கடைசியில் கண்டுபிடித்தோம். தொடையில் ரத்தம் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. நான் முஷ்டியைக் காயத்துக்குள் திணித்து அழுத்தினேன். என் மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஷாகிர் உங்கள் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையைக் கத்தியால் அறுத்தெறிந்து, ரத்தத்தை நிறுத்த ரப்பர் நாடாவைத் தொடையில் சுற்றி முறுக்கினார். நீங்கள் என் அம்மாவை, அவர் அம்மாவை, எங்கள் இரண்டு பேர் ஊரையும் பெயர் சொல்லித் திட்டினீர்கள். நினைவு தப்பியவன் இவ்வளவு தெளிவாகத் திட்டுவானா? பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டதும் நீங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்தீர்கள்.

"என் பிஸ்டல் எங்கடா?"

பட்டையோடு வயலில் கிடக்கிறது என்று ஷாகிர் சொன்னார். உங்கள் முகம் வெளுத்தது ரத்தம் போனதால் மட்டும் இல்லை. ஆயுதத்தைத் தொலைத்த அதிகாரிகளை ராணுவ நீதிமன்றம் என்ன செய்தது என்று எனக்கும் தெரியும்.

"நீதானே அறுத்தே. நீயே போய் எடுத்துட்டு வா."

"கேப்டன் தோழர், அங்க இன்னும் மூச்சு இருக்கிறவங்க கிடக்கிறாங்க. அவங்களத் தூக்கிட்டு வரப்போ அதையும் பாக்கறேன்."

"மொதல்ல பிஸ்டல். இது உத்தரவு."

அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, என் டீயைக் குடிச்சிடாதே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எடுத்தும்விட்டார். எடுத்ததும் எங்களுக்குத் தெரியட்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினார். ஜன்னலிலிருந்து ஒரு வரிசை குண்டு அவர் இடுப்பின் குறுக்கே போனது. அப்புறமும் கையால் மண்ணைப் பிறாண்டி எங்கள் பக்கமாக வந்தார், கால்கள் பின்னால் சும்மா வந்தன. பிறகு அதே இடத்தில் மோர்ட்டார் குண்டு விழுந்தது. என் முகத்தில் மண்ணோடு சேர்ந்து சூடாக ஏதோ அடித்தது. துடைத்தேன். என்ன என்று பார்க்கவில்லை.

மறுநாள் வயலைப் பிடித்தபோது உங்கள் கைத்துப்பாக்கி சேற்றில் கிடைத்தது. எண்ணைச் சரிபார்த்து உங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். ஷாகிரின் ஒரு பூட்ஸ் கிடைத்தது. பூட்ஸில் எண் இல்லை. செத்துவிட்டார், என் கண்ணால் பார்த்தேன் என்று எழுத்தரிடம் கத்தினேன். உடல் எங்கே என்று கேட்டான்.

இப்போது நான் கேட்பதைக் கேளுங்கள். கைத்துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். உங்களைச் சுமந்து வரும்போது குண்டடிபட்டுச் செத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மர்ஸியாவிடம் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் கெட்ட பெயர் இல்லை, கல்லில் அவர் பெயரும் வரும். உங்களை வேண்டிக் கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தைசியா யெகோரொவ்னா

*

காமா ஆற்றங்கரை,
ஏப்ரல், 1965

மக்கார் இலியிச்சுக்கு,

ஆற்றில் பனி உடைந்துவிட்டது. பனிப்பாளங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகிற சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னலெல்லாம் ஆடுகிறது. நேற்று இங்கே ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் நலம்.

லெப்டினன்ட் எங்களைக் கூப்பிட்டிருந்தான். மர்ஸியா இருப்பதிலேயே நல்ல முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். உங்கள் சாட்சியம் வந்துவிட்டது என்று அவன் சொன்னதும் என் கையை இறுகப் பிடித்தாள். அவன் அதை உரக்கப் படித்தான். நான் சொன்ன மாதிரிதான் எழுதியிருப்பீர்கள் என்று நம்பி நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நீங்களோ எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். நினைவோடு இருந்தேன் என்று எழுதினீர்கள். காயம்பட்டவர்கள் வயலில் கிடக்க, என் கைத்துப்பாக்கிக்காக அவரை அனுப்பியது நான்தான் என்று எழுதினீர்கள். அவர் தயங்கியதையும், உத்தரவு என்று நீங்கள் சொன்னதையும், முந்தைய பதிலில் பொய் சொன்னதையும் எழுதினீர்கள். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறதாம். லெப்டினன்ட் ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தான்.

மர்ஸியா நடுவிலேயே என் கையை விட்டுவிட்டாள்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். நான் சொன்ன பொய்க்கு அவள் என்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"அந்த பிஸ்டல் எவ்வளவு கனம் இருக்கும்?"

ஒரு ரொட்டியின் கனம்கூட இருக்காது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பால் வண்டிக்காரனிடம் கேட்டால், வேலைக்கு வருகிறாள், மாட்டோடுகூடப் பேசுவதில்லை என்கிறான்.

"உத்தரவை நிறைவேற்றும்போது எதிரியின் குண்டுக்குப் பலியானார்" என்று தாளைத் திருத்திவிட்டார்கள். உங்கள் உத்தரவு! ஆனாலும் கல்தச்சன் வேலையைத் தொடங்கிவிட்டான். ஊர்த் தலைவர் என்னைத் தெருவில் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நான் பதிலுக்கு வணங்கவில்லை.

நான் சொன்னபடி நீங்கள் எழுதியிருந்தால் அவள் இன்று நிம்மதியாகப் பால் கறந்துகொண்டிருப்பாள். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவ்வளவு மரியாதையும் வந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய? அந்த வயலில் நடந்ததை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் இருந்தேன். இப்போது அதைச் சுமக்க இரண்டு பேர் இருக்கிறோம்.

கல் திறப்புக்கு வாருங்கள். மெடல்களைக் குத்திக்கொண்டு வர வேண்டாம். படகுத்துறையில் நான் நிற்பேன், உங்கள் காலுக்கு அந்த ஏற்றம் கஷ்டம், என் தோளைப் பிடித்துக்கொள்ளலாம். முதலில் கல்லுக்குப் போக வேண்டாம், அவள் வீட்டுக்குப் போவோம். அவள் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் திறக்கும்வரை நாம் இரண்டு பேரும் வாசலில் நிற்போம்.

கடவுள் உங்கள் காலுக்கு அதுவரை பலம் தரட்டும். வந்துவிடுங்கள், மக்கார் இலியிச். என்னைத் தனியாக அந்த வாசலுக்கு அனுப்பாதீர்கள்.

தைசியா