இரண்டாம் திரையில் அப்பய்யா

பெங்களூரு

அப்பய்யாவுக்கு அனகாவின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆயிக்கு இருமல் நின்றதா? நான் நலம். போனில் பேசினால் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு மருத்துவமனைக்காக நாங்கள் செய்யும் ஆப்பில் முதல் திரையில் நோயாளி பெயரைத் தட்டினால், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த திரையிலும் அது தெரிய வேண்டும். ஒரு திரையில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் பெயரை வைத்தேன். சோதித்துப் பார்க்க உங்கள் பெயரைப் போட்டவள், எடுக்க மறந்துவிட்டேன். ஆப்பைப் பார்க்க வந்த மருத்துவமனைக்காரர் தன் பெயரை எத்தனை முறை தட்டினாலும், அடுத்த திரையில் ‘ஸ்ரீபாத ஹெக்டே, சிர்சி, முழங்கால் வலி’ என்றே வந்தது.

“யாரும்மா இந்த ஹெக்டே? எனக்கு முன்னாடியே டோக்கன் போட்டு உக்காந்திருக்காரு,” என்று அவர் சிரித்தார்.

எங்கள் மேனேஜர் கிரீஷ் சிரிக்கவில்லை. “முதல்ல அந்த ஹெக்டேவ வெளிய அனுப்பு.”

அனுப்பிவிட்டேன். அன்றே தீபாவளிக்கு லீவு கேட்டேன். “இது முடியாம நீ எப்படி வெளிய போவ?” என்றார். யுகாதிக்கும் இதையேதான் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்று வாங்கிக்கொண்ட என் அசல் சான்றிதழ்கள் இன்னும் ஆபீஸ் அலமாரியில்தான், பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கவலை வேண்டாம்.

அப்பேமிடி மாவடு ஊறுகாய் தீர்ந்துவிட்டது, ஆயியிடம் சொல்லி அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் பெயரை நீங்களே பெரிதாக எழுதுங்கள். இங்கே அதை என் கையாலேயே அழிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆபீஸ் வேன் வந்துவிட்டது.

அனகா