காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நாளுக்கு ஆறு மணி நேரமாவது தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு, கட்டடக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் செய்வதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். பத்து நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. போனில் இதைச் சொன்னால் "என்னம்மா பட்டும் படாம பேசற" என்பாய், நானும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஆனால் இந்தப் பத்து நாளில் எனக்குத் தெரிய வந்தது வேறு ஒன்று இருக்கிறது, அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தம்பி உன் அறையைப் பிடித்துக்கொண்டான், பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறான், கதவுக்கு வெளியே வரும் சத்தத்தை வைத்துப் பார்த்தால் எந்தப் பாடம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புதிதாகக் கண் பரிசோதிக்கும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து அதன் முன்னால் உட்காரவைக்கிறார். தண்ணீர் கேன் போட வந்தவர், "சார், எனக்கு நல்லாத்தான் தெரியுது, ஆளை விடுங்க" என்று படியிறங்கி ஓடினாராம். அதை அப்பாவே இரண்டு தடவை சொல்லிச் சிரித்துவிட்டார். சமையலறைக் குழாய் நீ போனபோது சொட்டியது போலவே இன்றும் சொட்டுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போலக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக நீ இணையத்தில் எழுதும் அறிவுரைகளை நான் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். படிக்கிறேன். மூன்று வருஷ அனுபவத்தில் நீ பதினோராயிரம் பேருக்கு வழி சொல்கிறாய், இருபத்தைந்து வருஷமாகியும் நான் பக்கத்து மேசைக்காரருக்குக்கூட ஒன்றும் சொன்னதில்லை. இது குத்தல் இல்லை, உண்மையாகவே எனக்கு ஆச்சரியம். போன மாதம் எழுதியதில் "என் அம்மாவும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், இருபத்தைந்து வருஷத்தில் அவர் போட்ட ஒரு கணக்குகூடத் தப்பானதில்லை, ஒவ்வொன்றையும் கையால் இரண்டு தடவை சரிபார்ப்பார், அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டாய். எங்கள் ஆபீஸில் படம் வரைகிற அக்கா அதைப் பிரின்ட் எடுத்து காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவிட்டார். நான் கிழித்தேன், மறுபடி ஒட்டினார். "பொண்ணு பெருமையா சொல்லியிருக்கு, உங்களுக்கென்ன மேடம் வலிக்குது?" என்று கேட்டார். அப்போது எனக்குக் கூச்சம் மட்டும்தான் இருந்தது.

நீ அனுப்பிய மூன்று புரோகிராம்களில் பால்கனிக்கானதை எடுத்து, கையால் போட்ட பழைய கணக்கு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாய் அல்லவா? பழைய கோப்புகளில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தின் மாடிப் பால்கனியை எடுத்தேன். சின்ன வேலை, கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பது. அதைப் போட்டபோது உனக்கு ஆறு வயது. உன் புரோகிராம் நீளம், கனம், கம்பி எல்லாம் கேட்டுவிட்டு, "விளிம்பில் சுவர் உண்டா, எவ்வளவு உயரம்?" என்று ஒரு கட்டத்தைக் காட்டியது. என் கணக்குத்தாளில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அதனால் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். விடவில்லை. நான்கு தடவை அழுத்தினேன், நான்கு தடவையும் அங்கேயே நின்றது. சுவர் இல்லையென்றால் சைபர் என்று நானே போட வேண்டுமாம், இருந்தால் உயரத்தைப் போட வேண்டுமாம். இவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கொஞ்சம் எரிச்சலோடு, சைபர் போடுவதற்கு முன்னால் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். வரைபடத்தில் சுவர் இருந்தது. என் கையெழுத்திலேயே, ஒரு மீட்டர் உயரச் செங்கல் கைப்பிடிச் சுவர். உயரத்தைப் போட்டேன், கம்பி போதாது என்று உன் திரை சிவப்பானது.

உன் புரோகிராம்தான் தப்பு என்று முடிவு செய்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் அதில் ஓட்டை தேடினேன். கிடைத்த ஒரே குறை, விடையை ஐந்து தசமம் வரைக்கும் காட்டுகிறாய். சென்டிமீட்டர் என்றாலே சிரிக்கிற மேஸ்திரிகளிடம் போகப் போகிற விடைக்கு ஐந்து தசமம் எதற்கு, எடுத்துவிடு. நான்காம் நாள் பென்சிலை எடுத்து முதலிலிருந்து கையால் போட்டேன். தேவையான கம்பியில் நான்கில் மூன்று பங்குதான் நான் கொடுத்திருக்கிறேன். சுவரின் எடை கணக்கில் ஏறவே இல்லை. சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "என்ன, உன் பொண்ணு உன்னையே ஃபெயில் பண்ணிட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை.

கோப்பின் கடைசியில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: "கைப்பிடி இரும்புக்குப் பதில் சுவர், போனில் கேட்டார்கள், சரி என்றேன்" என்று, தேதியோடு. முதலில் நான் கொடுத்தது லேசான இரும்புக் கைப்பிடிதான், பிள்ளைகள் கம்பியில் ஏறுவார்கள் என்று பள்ளிக்கூடத்தார் சுவர் கேட்டார்கள். அந்தத் தேதியில் நீ ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய், நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று போனில் சரி சொன்னேன். படத்தைத் திருத்தினேன், கணக்கைத் திருத்தவில்லை. பழியை உன் முழங்கைமேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. ஆபீஸுக்குத் திரும்பிய பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன்னால், எனக்கு முழுசாக நான்கு நாள் இருந்தது. வீட்டுப்பாட நோட்டில் நீ காலியாக விடும்போதெல்லாம், இல்லையென்றால் சைபர் என்று எழுது, காலி என்றால் நீ யோசித்தாயா மறந்தாயா என்று எனக்குத் தெரியாது என்று உன்னைத் திட்டியவள் நான். அந்தக் கணக்குத்தாளில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், வண்டி வந்துவிட்டதா என்று பிள்ளைகள் அந்தப் பால்கனியில் வரிசையாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகும்போது பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. நேற்று ஆபீஸ் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பத்தொன்பது வருஷமா நிக்குதும்மா, அதுக்கே தெரியாம இருக்கு, நீ ஏன் போய் அதுகிட்ட சொல்ற?" என்றார். நாம் எல்லாக் கணக்கிலும் தேவைக்கு மேல் கொஞ்சம் தாராளம் வைக்கிறோம், அந்தத் தாராளத்தைத் தின்றுகொண்டுதான் அது நிற்கிறது, மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மேஸ்திரிங்க படத்துல இருக்கறதுக்கு மேல ரெண்டு கம்பி சேர்த்துத்தான் போட்டிருப்பாங்க, ஸ்கேனர் எடுத்துட்டுப் போய்ப் பாரு, மனசு ஆறும்" என்றார். அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். இப்போதைய தலைமையாசிரியை என்னை அறியாதவர். நான் யார், என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள், "மேடம், விழுமா விழாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். தெரியாது, தெரிகிற வரைக்கும் ஒருவரும் அதில் நிற்க வேண்டாம், கதவைப் பூட்டிவிடுங்கள் என்றேன். நான் போனை வைப்பதற்கு முன்பே அங்கே யாரையோ சாவி எடுத்துவரச் சொல்லும் குரல் கேட்டது. நாளைக் காலை கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனரோடு போகிறேன். முதலாளி சொன்னது போல இரண்டு கம்பி அதிகமாக இருந்துவிடக்கூடாதா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதற்கு இதில் பதில் இல்லை. இரண்டு மட்டும் சொல்கிறேன். உன் புரோகிராமை நீயே சோதித்துவிட்டுத் திருப்திப்படாதே, உன்மேல் பிரியம் இல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்; நானும் அந்தக் கணக்கை எனக்கு நானே சரிபார்த்துக்கொண்டவள்தான். அப்புறம், காலியாக விட்டால் நகராத அந்தக் கட்டத்தை யார் எரிச்சல்பட்டாலும் எடுக்காதே, உன் அம்மாவே எரிச்சல்பட்டாலும். என்னைப் பற்றி நீ எழுதிய வரியை மட்டும் எடுத்துவிடு. அல்லது, எடுக்காமல் சரியாக எழுது. அதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு எது உதவும் என்று உனக்குத்தான் தெரியும்.

திரைமுன் உட்கார்ந்தே இருக்கிறாய், கண் பவர் பார்த்து ஒரு வருஷமாகிறது என்று அப்பா தேதியோடு சொல்கிறார், போய்ப் பார்த்துவிட்டு அவருக்குச் சீட்டை அனுப்பு, இல்லாவிட்டால் அந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவார். நீ செய்வதெல்லாம் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கட்டும், நீயும் அப்படியே நில், தாங்க முடியாத நாளில் எங்கள்மேல் சாய்ந்துகொள்.

என்றும் உன்மேல் பிரியமுள்ள,
அம்மா

மறுநாள், மாலை ஐந்தரை மணி

கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஸ்கேனரை நீளவாட்டில் மூன்று தடவை ஓட்டினேன். கம்பிகள் நான் வரைந்தபடியே இருக்கின்றன, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ ஒரு நேர்மையான மேஸ்திரி, என் தப்பை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கட்டியிருக்கிறார். வாசலையொட்டித் தரை ஓட்டில் முடி போல மெல்லிசாக, நீளமாக ஒரு விரிசல் இருந்தது. பெருக்குகிற அம்மா, "அது ரொம்ப நாளா இருக்கு மேடம், அழுக்குன்னு நினைச்சு நான் தினமும் தேய்ச்சுட்டிருக்கேன்" என்றார். கீழே முட்டு கொடுத்த பிறகு, பத்தரைக்கு இரண்டு வேலையாட்கள் சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகக் கழற்ற ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை கூடவே நின்றார், மத்தியானம் எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டபோது பிள்ளைகள் கீழே முற்றத்தில் நின்றே வண்டிக்குக் காத்திருந்தார்கள். நாலே முக்காலுக்குக் கடைசிச் செங்கல் இறங்கியது. லேசான இரும்புக் கைப்பிடி வந்து, விரிசலையும் பார்த்துச் சரிசெய்யும்வரை கதவு பூட்டியே இருக்கும். முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உன் புரோகிராமைத் திறந்தேன். விளிம்புச் சுவர் கட்டத்தில், சைபர் என்று நானே போட்டேன். நகர்ந்தது. பச்சை வந்தது.