நேர் விமானம் கிடையாது

மார்ச் 4

கண்ணே,

போனில் சொல்ல வாய் வராத விஷயம், அதனால் கடிதம். என் தையல் கடைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை உனக்குத் தெரியும். அப்பா போய் இத்தனை வருடம் கழித்து, அவரும் நானும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில்.

உன்னை வா என்று சொல்லவில்லை. டிக்கெட் போடும் பெண்ணிடம் விசாரித்தேன். இந்த விமான நிலையத்துக்கும் உன் ஊர் விமான நிலையத்துக்கும் நடுவில் ஒன்பதாயிரம் கிலோமீட்டராம். நேரே பறந்தால் பதினொரு மணி நேரம்தான். ஆனால் நேர் விமானம் கிடையாதாம். வழியில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறி வந்தால் பத்தொன்பது. உனக்குக் கிடைக்கிற நாலு நாள் லீவு ஆகாயத்திலேயே கரைந்துவிடும். யாராவது கேட்டால், ரொம்ப தூரம், வர முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். நீயும் அதையே சொல்.

மருமகளுக்கு என் அன்பு.

அம்மா

மார்ச் 27

அம்மாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற இடத்தில் கூட்டாளியிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை கல்யாணம் பண்றது கோபமா, உங்களைக் கேக்காம பண்றது கோபமா?" எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவள், எனக்கு ஒரு சாக்கு தைத்து அனுப்பியிருக்கிறாய். அதற்குள் நான் நுழைய மாட்டேன் அம்மா. டிக்கெட் எடுத்துவிட்டேன். நானா பறக்கப் போகிறேன்? உட்கார்ந்து தூங்கத்தானே போகிறேன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் வருகிறேன்.

உன் மகன்

மே 6

என் ராஜாவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக மருமகள் போன் செய்தாள். இப்போது சொல்கிறேன். உன் பதில் வராத நாட்களில் ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை நீ எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவரும் சரி என்றார்.

பதிவு அலுவலகத்தில், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் பெண்ணுக்கு என்ன உறவு என்று குமாஸ்தா கேட்டாரே, நீ என்ன சொல்வாயோ என்று பயந்துவிட்டேன். "மகன்" என்றாய், குமாஸ்தா முகத்தை நேராகப் பார்த்து. என் வயிற்றில் அன்றைக்குத்தான் பால் வார்த்தாய்.

விமான நிலையத்தில் இவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னாயே. நானும் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். நேற்றுதான் வாயைத் திறந்து, நீ சொன்னதை அப்படியே சொன்னார்: "பிரஷர் மாத்திரை போட்டுட்டேன்னு அம்மா பொய் சொல்வாங்க. நம்பாதீங்க. முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."

சொன்னபடியே நிற்கிறார், கடையைத் திறக்கக்கூடப் போகாமல், கையில் தண்ணீர் டம்ளரோடு. எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நிறைகிறது.

முழுங்கிவிட்டேன்டா. சத்தியமாக.

அம்மா