மீட்டரில் மின்னிய சிவப்பு

செப்டம்பர் 14, வியாழன்

கரண்ட் பில் வந்ததிலிருந்து மகள் ஷமீமாவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் பிளாட்டில் கேஸ் கிடையாது, அடுப்பும் கரண்ட்தான். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு ஏசியே போடவில்லை. அப்படியும் பில் குறையவில்லையென்றால் அவள் பார்க்கும் டிவிதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இன்று மதியம் எலக்ட்ரீஷியன் வந்தார். "எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு, கீழ போய் மீட்டரைப் பாருங்கக்கா. சிவப்பு லைட்டு மின்னுச்சுன்னா எங்கயோ கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம்." பிரிட்ஜைக்கூட அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மின்னியது.

அப்போதுதான் பின்னறைக் குளியலறை ஞாபகம் வந்தது. அவர் கிளம்பிய விடியற்காலையில் அங்கேதான் குளித்தார். வழக்கம்போல் துண்டை மறந்துவிட்டு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். கார் கிளம்பியதும் மாமி சொன்னார், "புள்ள போய் இறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் வீட்டைக் கூட்டாதம்மா, கழுவாதம்மா." அந்தக் கதவை அப்படியே சாத்தினேன். போன் வந்த பிறகும் திறக்க மனம் வரவில்லை.

இன்று திறந்தேன். அவர் போட்ட ஹீட்டர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவருக்காகத் தண்ணீர் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஷமீமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

சுவிட்சை அணைத்தேன். ஆனால் வெளியே வரவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்தச் சூடு தீரும்வரை குளித்தேன். குளித்து முடித்த பிறகுதான் பார்த்தேன், துண்டு எடுத்து வரவில்லை.