பத்துப் படத்திலும் என் முதுகு

மார்ச் 12, வியாழன்

வெளிநாட்டுப் புகைப்படக்காரர் பத்துப் பேரை இன்று பாலாவிக் குளத்தடிக் கோயிலுக்கு வழிகாட்டியாக அழைத்துப்போனேன். முருங்கனிலிருந்து வந்த அம்மா ஒருவர், மகளின் ஒப்பரேசனுக்காக நேர்ந்த குடத்துத் தண்ணீரை அழுதபடி லிங்கத்தின் மேல் ஊற்றி முடித்தார். படத்தில் வெளிச்சம் போதவில்லையாம். கொழும்பிலிருந்து குழுவைக் கூட்டிவந்தவர், "திரும்ப ஊத்தச் சொல்லுங்கோ, மிஸ்" என்றார்.

"நேர்த்தித் தண்ணி ஒருக்காத்தான் ஊத்துறது. நான் கேக்கமாட்டன்."

"அப்ப நாளைக்குக் கொண்டச்சிப் பயணத்துக்கு வேற ஆள் பாக்கிறன்."

"பாருங்கோ."

அவரே வெறுங்குடத்தைத் தூக்கி அந்த அம்மாவிடம் நீட்டினார். கமராக்கள் எழுந்தன. நான் நடுவில் போய் நின்றேன். அம்மா கண்ணைத் துடைத்து, "வாறன், தங்கச்சி" என்று சொல்லிப் போகும்வரை நகரவில்லை.

வேலை போனால் போகட்டும். பத்துப் பேருடைய படத்திலும் என் முதுகுதான் இருக்கிறது.