மூன்று பெயர்க் குத்தகை

சிட்னி,
9.8.1976

என் அன்புக்கு,

நூலகத்தில் இப்போது ஓர் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் பழைய காணிப் பத்திரங்களை அடுக்குகிறேன். மூன்று பேரின் பெயரில் குத்தகை எழுதுவார்களாம். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை காணி அவர்களுக்கே. செத்தவரின் பெயரை வெட்டிவிடுவார்கள்.

இன்று வந்த பத்திரத்தில் காணியை உழுத ஒரு கமக்காரன், மனைவி, மகள். மகளின் பெயர் மட்டும் வெட்டியிருந்தது. கட்டிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

"விசாவுக்கு எழுதிப் போடுங்கோ, இனி இஞ்சை எனக்கென்ன இருக்கு, நான் வாறன்" என்று எழுதியிருந்தாயே, அந்தப் படிவத்தை நிரப்பினேன். உன் பெயரை எழுதினேன். கை பழக்கத்தில் அடுத்த வரியில் எங்கள் சின்னவளின் பெயரையும் எழுதிவிட்டது. வயது கேட்ட இடத்தில்தான் பேனா நின்றது.

நான் வெட்டவில்லை. நாளைக்கு வேறு படிவம் வாங்குகிறேன்.

உன்னவன்