காலி என்று நான் எழுதிய ஆறு கேசட்டுகள்

என் பிரியமான கௌரி அக்கா,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. உனக்கும் எனக்கும் நடுவே இருந்ததெல்லாம் போன் பேச்சும் சண்டையும்தான். இப்போது எழுதக் காரணம், உன்னைப் பற்றி நான் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தேன். பொய் என்று தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் அதை நாலு பேர் முன்னால் படித்தார்கள். அதனால் இதையும் நாலு பேர் படிக்கும் இடத்திலேயே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர் பார்த்தாய். கட்டம் போட்ட பழைய தாள்களில் இருந்த கரை, புட்டா, முந்தானை டிசைன்களை ஸ்கேன் செய்து, தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டை குத்துவதற்கு ஏற்றபடி திருத்தி வைத்தாய். நான் செய்வது மென்பொருள். ஆயிரக்கணக்கான கோப்புகளை மூட்டையாகக் கட்டி வைத்து, கேட்டபோது வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அதைத்தான் உன் சங்கத்துக்கும் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து டிசைன்களை மூட்டை கட்டி, டிஸ்கில் ஒன்றும், பாட்டுக் கேசட் மாதிரி சுற்றும் கம்ப்யூட்டர் டேப் கேசட்டில் ஒன்றுமாக வைப்பது உன் வழக்கம்.

ஒருநாள் போன் செய்தாய். "டேய், உன் புரோகிராம் டிஸ்குல நல்லா படிக்குது. டேப்புலயும் ஒழுங்கா படிக்கிற மாதிரி பண்ணிக் குடுடா" என்றாய்.

"டேப்பெல்லாம் இன்னும் யாருக்கா வச்சிக்கினு இருக்காங்க?" என்றேன்.

"நான் வச்சிக்கினு இருக்கறேனே" என்றாய். மேலே ஏதோ சொல்ல வந்தாய். எனக்கு மீட்டிங் இருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் அக்கா?

நீ போன பிறகு வந்த மழைக்காலத்தில் சங்கத்து டிஸ்க் கெட்டுப்போனது. டிசைன்களும் போயின, அவற்றின் பட்டியலும் போயிற்று. பட்டியலையும் அதே டிஸ்கில்தானே வைத்திருந்தாய்? கட்டத்தாள்களில் பாதி ஏற்கெனவே கறையான் தின்றவை. செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பீரோவில் உன் கையெழுத்தில் எண் போட்ட ஆறு கேசட்டுகள் இருந்தன. நான் ஒவ்வொன்றாக டிரைவில் போட்டு என் மென்பொருளை ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை, அதில் பத்துப் பன்னிரண்டு டிசைன்கள், பிறகு முடிவுக்குறி. அவ்வளவுதான்.

நான் எப்போதும் போலச் சுருக்கமாக ஓர் அறிக்கை எழுதினேன். ஆறு கேசட்டிலும் தலைக்கு ஒரு வார வேலை மட்டுமே பதிவாகியிருக்கிறது, மீதி இடம் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ என் அக்கா என்பதால் கூடுதலாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை. வேண்டியவர் என்று சலுகை காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செயலாளர் அதைச் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் படித்தார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் ரிப்போர்ட்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வரிசையில் உன் வீட்டுக்காரர், மாமா உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்போ வாரா வாரம் கதவ சாத்திக்கினு உள்ள இன்னாதான் பண்ணிக்கினு இருந்துச்சு அந்தம்மா?" சிலர் சிரித்தார்கள். மாமா எழுந்து போனார். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். மாமா தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, பிணைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாவு நெய்து முடிந்தால் கடைசி இழைகளை வெட்டி எறிவதில்லை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவின் இழைகளை அந்தப் பழைய முனைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். இல்லாவிட்டால் தறியின் அச்சுச் சீப்பிலும் விழுதுக் கண்ணிகளிலும் எல்லா இழையையும் மறுபடி கோக்க வேண்டும். நீயும் நானும் இதைப் பார்த்தே வளர்ந்தோம். நீ பிணைத்தும் இருக்கிறாய். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

"அந்தக் கேசட்ட முழுசா படிச்சியா மச்சான்?" என்றார், தலை நிமிராமல். அறிக்கை என்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"முடிவு வரைக்கும் படிச்சேன் மாமா. முடிவுன்னு ஒரு குறி இருக்கும். அத்தோட அது முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

"சங்கத்துல புது கேசட்டு வாங்கித் தரேன்னாங்க. வேணான்னுட்டா. இருக்கறதுலயே கடைசில பிணைச்சிக்கினே போறேன், அதுல இன்னும் எடம் இருக்குதுன்னா. எங்கிட்ட சொல்லிட்டு சிரிச்சா. எனக்கு உன் மெஷினெல்லாம் தெரியாது. அவ காலியா வைக்கிறவ இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்கில் ஒரு மூட்டை ஒரு கோப்பு. முடிவுக்குறி வந்தால் கோப்பு முடிந்தது. டேப்பில் அப்படி இல்லை. அந்தக் குறிக்குப் பிறகு இன்னொரு மூட்டை இருக்கலாம், அதன்பின் இன்னொன்று. நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதிய இடத்தின் கடைசிக்குப் போய், அங்கே அடுத்த மூட்டையைப் பிணைத்திருக்கிறாய். முதல் குறியிலேயே நின்றது என் மென்பொருள். அந்தக் குறியை எழுதியதும் என் மென்பொருள்தான்.

சங்கத்துக்கு ஓடினேன். குறியைத் தாண்டிப் போகும்படி டிரைவுக்குச் சொன்னேன். இரண்டாவது மூட்டை வந்தது, மூன்றாவது வந்தது. நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. டிஸ்க் பீரோவில் அடுக்கிய புடவை மாதிரி. நடுவில் இருப்பதை உருவிக்கொள்ளலாம். டேப்பில் நடுவில் இருப்பது வேண்டுமென்றால் அதுவரை சுற்றிப் போயாக வேண்டும். என் மென்பொருளுக்கு அது தெரியாது. ஒவ்வொரு டிசைனுக்கும் தலையிலிருந்து தேடியது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் கேட்டு வாங்கியது. அது அடுத்ததைக் கேட்பதற்குள் ஓடுகிற டேப் இடத்தைத் தாண்டிவிடும். நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும். நாலைந்து டிசைன் எடுப்பதற்குள் முதல் கேசட் கரகரவென்று சத்தம் போட்டது. இப்படியே ஓட்டினால் நீ எழுதியதை நானே தேய்த்து அழித்துவிடுவேன் என்று புரிந்தது. நிறுத்தினேன்.

மூன்று வாரம் லீவு போட்டு, நீ கேட்டதைச் செய்தேன். இப்போது என் மென்பொருள் முதலில் எதிரே இருப்பது டிஸ்கா டேப்பா என்று பார்க்கிறது. டிஸ்க் என்றால் வேண்டாததைத் தாண்டிக் குதிக்கும். டேப் என்றால் பின்னால் திரும்பவே திரும்பாது. பெரிய பெரிய துண்டாக வாங்கி, முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். டேப் நிற்க வேண்டிய தேவையே வராது. முடிவுக்குறி வந்தால் அடுத்து ஏதாவது உண்டா என்று பார்க்கும். வேண்டியதும் வேண்டாததும் வருகிற வரிசையிலேயே ஒரே ஓட்டத்தில் இறங்கிவிடும். நீ கேட்ட அன்றைக்கே உட்கார்ந்திருந்தாலும் மூன்று வாரம்தான் ஆகியிருக்கும்.

ஐந்து கேசட்டுகள் முழுசாக வந்துவிட்டன. முதல் கேசட்டில் இரண்டு டிசைன்கள் வரவில்லை. அது நான் தேய்த்த இடம். மற்ற எல்லாம் பத்திரம். இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். மாமா ஒரு மயில் கரையைத் திரையில் பார்த்துவிட்டு, "இது அவ கல்யாணப் புடவைக் கரை" என்றார். அதை ஏன் ஸ்கேன் செய்தாய், யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் திருத்திய அறிக்கையைப் படித்தார்கள். சிரித்தவர்கள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் நல்ல மனிதர், அவர் சொன்னார்: "விடுங்கபா, ஏதோ மெஷின் தப்பு. இந்தத் தம்பி வந்து கண்டுபிடிச்சிக் குடுத்துது." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெஷின் தப்பு இல்லை, அந்த முதல் அறிக்கையே நான் எழுதியது என்று எழுந்து சொல்ல வேண்டும். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உன் மகள் திவ்யா இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். உன் மூக்கு, உன் கோபம். தெருவில் செயலாளர் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். "அம்மா ஒண்ணுமே எழுதலன்னு அந்த செக்ரட்டரி ரிப்போர்ட் எழுதினாராமே. நீங்க இல்லன்னா அம்மா பேரு அப்படியே போயிருக்கும் மாமா" என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். நான் மூன்று தோசை சாப்பிட்டேன்.

வெளியே வந்தபின் மாமாவிடம் கேட்டேன், நீங்கள் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று. "நான் சொன்னா கோள் சொல்றதா ஆவும். அது நீ சொல்ல வேண்டியது மச்சான்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, இந்தக் கடிதம் அச்சாகி வருவதற்குள் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்த முதல் அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு போய், கீழே இருக்கும் கையெழுத்தை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கொடுக்கப்போகிறேன். அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளா, தெரியாது. கூப்பிடாவிட்டாலும் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவன்,
சேகர்